மாமா கொண்டு வரும் ஆர்ம் லப்டொப்பில் லினக்ஸ் ஏறுமா?

அறிவியல் நகரில் தொழில்நுட்ப பீடத்தில் முதலாம் வருடம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டது இது: "வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவில் இருந்து மாமா வருகிறார், லப்டொப் ஒன்று கொண்டு வரட்டா என்று கேட்கிறார். ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் போட்ட லப்டொப் என்றால் பற்றறி நாள் முழுக்க நிற்கும் என்று அங்கே கடையில் சொல்லியிருக்கிறார்கள். மாமாவிடம் பழைய எம்1 மேக்புக் எயாரும் சும்மா கிடக்கிறதாம். எனக்கு லினக்ஸ் வேண்டும். என்னிடம் உபுண்டு போட்ட பென்டிரைவ் இருக்கிறது, அதைக் குத்தினால் ஏறுமா? எதைக் கேட்கலாம், அண்ணா?"

முதலில் பென்டிரைவுக்குப் பதில்: ஏறாது. இரண்டிலும் ஏறாது. எதைக் கேட்பது என்பதற்குப் பதில்: சும்மா கிடக்கும் அந்த எம்1 எயாரைக் கேளுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன். பொறுமை இருந்தால் வாசியுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் சார்ஜர் பற்றி எழுதியிருப்பதையாவது பாருங்கள்.

உங்கள் பென்டிரைவில் இருப்பது இன்டெல், ஏஎம்டி புரசஸர்களுக்கான உபுண்டு. அந்த வகைக்கு எக்ஸ்86 என்று பெயர். ஸ்னாப்டிராகனும் ஆப்பிளின் எம்1உம் ஆர்ம் வகை, அது வேறு பாஷை பேசுகிற புரசஸர். ஸ்னாப்டிராகன் லப்டொப் பென்டிரைவைத் திறந்து பார்க்கும், தனக்கென்று வைத்த துவக்கக் கோப்பு உள்ளே இல்லை என்று கண்டு பேசாமல் விண்டோஸுக்குப் போய்விடும். மேக்கில் அந்த அளவும் நடக்காது. ஆப்பிளின் சொந்தப் புரசஸர் போட்ட மேக்குகளில் இந்த மாதிரி லினக்ஸ் பென்டிரைவைக் குத்தி நேரே துவக்கும் வழியே இல்லை.

"சரி, ஆர்ம்64 என்று போட்ட உபுண்டுவை இறக்கினால் போயிற்று" என்று நினைப்பீர்கள். கன பேர் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

இன்டெல் உலகத்தில் ஒரு சொகுசு இருக்கிறது. பழைய திங்க்பாட்டில் போட்ட அதே பென்டிரைவை முல்லைத்தீவில் யாரோ ஒருவருடைய ஏசரில் குத்தினாலும் ஏறும். காரணம், அந்தக் கணினிகள் தங்களிடம் என்ன இருக்கிறது என்று தாங்களே சொல்லும். பெரும்பாலான பாகங்கள் பிசிஐ, யூஎஸ்பி வழியாகத் தங்கள் பெயரைச் சொல்லும்; மிச்சத்தை ஏசிபிஐ என்ற அட்டவணையில், கணினியைத் துவக்கிவிடும் பயோஸ் எழுதிக் கொடுக்கும். லினக்ஸ் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி வேலையைத் தொடங்கும்.

ஆர்ம் லப்டொப் அப்படி இல்லை. இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். எந்தத் துருசைத் திறந்தால் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும், அது எத்தனை கிளையாகப் பிரிகிறது என்று ஒவ்வொரு துருசிலும் பலகை தொங்கினால் புதிதாக வந்தவரும் திறந்து மூடலாம். பலகை இல்லாவிட்டால்? யாரோ நடந்து பார்த்துக் கீறிய வரைபடம் கையில் இருக்க வேண்டும். ஆர்ம் கணினியில் அந்த வரைபடத்துக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். விசைப்பலகை எந்தக் கம்பியில் தொங்குகிறது, திரைக்கு மின்சாரம் கொடுக்கும் ரெகுலேட்டர் எது, எந்த முனையை உயர்த்தினால் வைஃபை விழிக்கும் என்று வரி வரியாக எழுதிய ஒரு கோப்பு. ஒவ்வொரு மொடலுக்கும் வேறு வேறு. ஒரே சிப் போட்ட இரண்டு லப்டொப்புகளுக்கும் வரைபடம் வேறுதான். குளம் ஒன்று என்றாலும் வாய்க்கால் வேறு. யாராவது உங்கள் மொடலுக்கு அதை எழுதியிருந்தால் லினக்ஸ் ஓடும். இல்லாவிட்டால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான்.

விண்டோஸோடு வரும் ஆர்ம் லப்டொப்பிலும் ஏசிபிஐ அட்டவணை இருக்கிறதே என்று உங்கள் விரிவுரையாளர் கேட்கக் கூடும். இருக்கிறது. ஆனால் ஸ்னாப்டிராகனைச் செய்யும் குவால்கொம் நிறுவனத்தின் சிப் போட்ட லப்டொப்புகளில் மின்சாரத்தை நிர்வகிக்கும் விவரம் விண்டோஸுக்கென்று எழுதிய தனி டிரைவரோடு பின்னிக் கிடக்கிறது. லினக்ஸுக்கு அது உதவாது. அதனால் லினக்ஸ் எழுதுபவர்கள் அந்த அட்டவணையை விட்டுவிட்டு டிவைஸ் ட்ரீயையே பாவிக்கிறார்கள்.

ஆகவே ஆர்ம் லப்டொப் வாங்கப் போகும்போது "எந்த லினக்ஸ் நல்லது" என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்வி, இந்த மொடலுக்கு, பின்னால் ஒட்டியிருக்கும் இந்த இலக்கத்துக்கு, யாராவது வேலை செய்து முடித்திருக்கிறார்களா என்பதுதான்.

எக்ஸ் எலைட்டுக்கு வருவோம். குவால்கொம் இதை 2023 ஒக்டோபரில் அறிவித்தது. லப்டொப்புகள் 2024 ஜூனில் கடைக்கு வந்தன. லினக்ஸுக்கு வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. லெனோவோ திங்க்பாட் டி14எஸ் ஆறாம் தலைமுறை, யோகா ஸ்லிம் 7எக்ஸ், டெல் எக்ஸ்பிஎஸ் 13 (9345), அசூஸ் விவோபுக் எஸ்15, சர்பேஸ் லப்டொப் 7 ஆகியவற்றுக்கு லினக்ஸின் கருவான கேர்னலிலேயே வரைபடம் இருக்கிறது. உபுண்டு 2025 ஏப்ரலில் வந்த 25.04 பதிப்பில் இருந்து ஆர்ம்64 டெஸ்க்டொப் நிறுவல் படிமத்தை அதிகாரபூர்வமாகவே தருகிறது. விசைப்பலகை, வைஃபை, திரை எல்லாம் வரும்.

ஆனால் கடைக்காரர் மாமாவிடம் சொன்ன அந்த ஒரு வசனம், "பற்றறி நாள் முழுக்க நிற்கும்", அது விண்டோஸில் அளந்த கணக்கு. பற்றறி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில் பாதிதான் சிப்பின் கையில் இருக்கிறது. மிச்சம், வேலை இல்லாத பாகங்களை நேரத்துக்கு நித்திரையாக்கும் டிரைவர்களின் கையில். அவை லினக்ஸில் அரைகுறை. ஜேர்மனியில் டக்சிடோ கம்பியூட்டர்ஸ் என்று லினக்ஸ் லப்டொப் விற்கிற ஒரு நிறுவனம் உண்டு. எக்ஸ் எலைட்டில் ஒரு லப்டொப் செய்யப் போவதாக 2024இல் காட்டினார்கள், ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட மினக்கெட்டார்கள், 2025 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். சொன்ன காரணங்களில் முதன்மையானது, ஆர்மின் பெரிய பலமான அந்த நீண்ட பற்றறி நேரம் லினக்ஸில் கிடைக்கவில்லை என்பது. லினக்ஸில் இருந்து பயோஸைப் புதுப்பிக்க ஒழுங்கான வழி இல்லை, கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓட்டும் மெய்நிகர் கணினி ஓடாது என்பதெல்லாம் அடுத்தடுத்த காரணங்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தவர்களுக்கே இது நிலைமை. நீங்களும் நானும் ஒரு வார இறுதியில் சாதிக்கப் போவதில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. அதில் நானே விழுந்தேன். ஸ்னாப்டிராகன் லப்டொப்பின் கிராபிக்ஸுக்கும் ஒலிக்கும் பற்றறி அளவு காட்டுவதற்கும் ஃபேர்ம்வேர் கோப்புகள், அதாவது பாகங்களுக்குள்ளேயே ஓடும் சின்ன மென்பொருட்கள் தேவை. அவற்றில் கன கோப்புகள் லப்டொப் செய்த நிறுவனத்தின் கையொப்பத்தோடு விண்டோஸ் பகுதிக்குள்தான் கிடக்கும். எல்லா நிறுவனமும் அவற்றை வெளியே பகிர விடுவதில்லை. அதனால் உபுண்டு அவற்றை விண்டோஸ் பகுதியில் இருந்து கிண்டி எடுக்க ஒரு கருவியே தருகிறது. மாங்குளத்தில் ஒரு மருமகனின் லப்டொப்பை என்னிடம் கொண்டு வந்தார்கள். பழைய பழக்கத்தில் முழு டிஸ்க்கையும் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினேன். ஏறியது. திரை வந்தது, வைஃபை வந்தது. மூலையில் பற்றறிப் படம் மட்டும் இல்லை. கிளிக் பண்ணிப் பார்த்தால் பற்றறியே இல்லாத கணினி என்கிறது. பற்றறி அளவைச் சொல்வது சிப்புக்குள் இருக்கும் வேறொரு சின்னப் புரசஸர். அதற்கான ஃபேர்ம்வேரை விண்டோஸோடு சேர்த்து நான்தான் துடைத்திருந்தேன். மீட்புப் படிமம் இறக்க அந்த மாத டேட்டா முழுக்கப் போனது. மருமகன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஸ்னாப்டிராகன்தான் வருகிறது என்று முடிவானாலும் அழத் தேவையில்லை. விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போடுங்கள். ஆர்ம் விண்டோஸிலும் அது நன்றாக ஓடும். உபுண்டு டெர்மினல், பைதன், மரியாடிபி, ஜிசிசி எல்லாம் அதற்குள் கிடைக்கும். பற்றறியும் கடைக்காரர் சொன்னபடி நிற்கும். முதலாம் வருடப் பாடத்துக்கு அது போதும்.

குவால்கொம் வரிசையில் நான் மனதாரச் சொல்லக் கூடியது ஒன்றுதான்: 2022இல் வந்த திங்க்பாட் எக்ஸ்13எஸ். சிப் பழையது, ஸ்னாப்டிராகன் 8சிஎக்ஸ் மூன்றாம் தலைமுறை. ஆனால் ஆர்மில் லினக்ஸை ஓட்டும் வேலை செய்கிற லினாரோ நிறுவனத்துக்காரர்களும் வேறு சிலரும் இதில் இருந்து வருடக்கணக்காக வேலை செய்ததால், ஆர்ம் விண்டோஸ் லப்டொப்புகளிலேயே லினக்ஸ் நன்றாகப் பதிந்தது இதில்தான் என்று பெயர். கமரா நெடுநாள் இல்லாமல் இருந்து பிறகுதான் வந்தது. காற்றாடியே கிடையாது. ஏ9 வீதியை விட்டு உள்ளே கிறவல் றோட்டில் ஒரு மைல் போனால் தெரியும் அதன் அருமை. நான் திறந்து பார்த்த பழைய லப்டொப்புகளில் பாதிக்கு வருத்தம் காற்றாடிக்குள் இறுகிப்போன செம்புழுதிதான்.

எம்1 எயாருக்கும் காற்றாடி இல்லை.

2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 மேக்குகளை விற்கத் தொடங்கியபோது அந்தச் சிப்புக்கு வெளியாருக்கென்று எந்த ஆவணமும் தரவில்லை. ஆனால் ஒரு கதவைத் திறந்தே வைத்தது: வேறு இயங்குதளம் ஏற்றுவதற்கான வழி அந்தக் கணினியின் துவக்க முறையிலேயே இருக்கிறது, எதையும் உடைக்கத் தேவையில்லை. அந்த இடைவெளியில் ஹெக்டர் மார்ட்டின் என்பவர் அசாகி லினக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அசாகி என்பது யப்பானில் ஒரு ஆப்பிள் வகையின் பெயராம். ஆவணம் இல்லாததால் மேக்ஓஎஸ் எந்தப் பாகத்தோடு என்ன பேசுகிறது என்று ஒட்டுக் கேட்டு ஒட்டுக் கேட்டே டிரைவர் எழுதினார்கள். முதற் சோதனைப் பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது. அதே வருடம் ஜூலை கடைசியில் லினஸ் டோர்வால்ட்ஸ் 5.19 கேர்னலை அசாகி ஓடிய எம்2 மேக்புக் எயாரில் இருந்து வெளியிட்டார். லினக்ஸை எழுதியவரே ஆர்ம் லப்டொப்பில் இருந்து வெளியிட்டது அதுதான் முதல் முறை. 2023 டிசம்பரில் அசாகியை ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையோடு சேர்த்த ஃபெடோரா அசாகி ரீமிக்ஸ் வந்த பிறகு சாதாரண ஆட்களும் நம்பிப் போடலாம் என்ற நிலை வந்தது. கிராபிக்ஸ் டிரைவர் அலிசா ரோசன்ஸ்வைக் முதலானோர் கையால் ஓப்பன்ஜிஎல் 4.6 என்ற கிராபிக்ஸ் தரத்துக்குச் சான்று பெற்றிருக்கிறது.

ஒரு விசயம் கவனியுங்கள், இது எம்1, எம்2 சிப்புகளுக்கான கதை. எம்3, எம்4 போட்ட மேக் புதியது, வேகமானது என்று மாமா ஆசைப்பட்டு வாங்கி வந்துவிடக் கூடாது; அவற்றுக்கு அசாகியின் வழமையான நிறுவி இல்லை. இங்கே பழசுதான் நல்லது. வேலை செய்பவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். மார்ட்டினும் 2025 பெப்ரவரியில் களைத்து விலகினார், மற்றவர்கள் கூட்டாக நடத்துகிறார்கள்.

எயாரில் எது வராது என்பதையும் சொல்லி விடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது. கைரேகை உணரி வேலை செய்யாது. யூஎஸ்பி-சி வழியாக வெளித்திரை கொடுப்பது சோதனை நிலையில்தான் இருக்கிறது. எயாரில் எச்டிஎம்ஐ துளையும் இல்லை. வகுப்பில் புரொஜெக்டரில் காட்ட வேண்டிய அன்று மேக்ஓஎஸ்ஸில் துவக்கிக் கொண்டு போங்கள். உள் மைக் 2025இல்தான் வந்தது. மூடி வைத்தால் மேக்ஓஎஸ்ஸில் குடிப்பதை விடக் கூடுதலாகப் பற்றறி குடிக்கும், அதனால் இரவில் மூடி வைக்காமல் அணைத்து வையுங்கள். மற்றபடி வைஃபை, ஒலி, கமரா, விசைப்பலகை வெளிச்சம் எல்லாம் சரி. மெய்நிகர் கணினியும் ஓடும்.

போடும் முறை வேறு மாதிரி. மேக்ஓஎஸ்ஸில் டெர்மினலைத் திறந்து அசாகி தளத்தில் கொடுத்திருக்கும் ஒரு வரியை ஓட்ட வேண்டும். அது மேக்ஓஎஸ்ஸைச் சுருக்கி இடம் எடுக்கும், கேள்வி கேட்கும், பல ஜிபி இறக்கும். மேக்ஓஎஸ்ஸை முழுதாக அழிக்க நினைக்காதீர்கள், ஃபேர்ம்வேர் புதுப்பிப்பு அதன் வழியாகத்தான் வரும். மாமாவைக் கனடாவிலேயே, அவருடைய வீட்டு இணையத்தில், இந்த வேலையை முடித்துக் கொண்டு வரச் சொன்னால் உங்கள் டேட்டா தப்பும். அவருக்குச் செய்யத் தெரியாது என்றால் வீடியோ அழைப்பில் சொல்லிக் கொடுக்கலாம், ஒரு இடத்தைத் தவிர. இறக்கி முடிந்ததும் கணினி தானாக அணையும். அது முழுதாக அணைந்ததும் கொஞ்சம் பொறுத்து, பவர் பட்டனை அமத்தி, "துவக்கத் தெரிவுகள்" என்று திரையில் எழுத்து வரும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது, ஒருக்கால் தட்டிவிட்டுக் கையை எடுப்பது. எடுத்தால் நேரே மேக்ஓஎஸ்தான் வரும், "ஏறவில்லை" என்று அழைப்பு வரும். விரலை எடுக்க வேண்டாம் என்று மூன்று முறை சொல்லுங்கள்.

இன்னொன்று மாமா அங்கிருந்து கிளம்ப முன் செய்ய வேண்டியது: மேக்கில் தன்னுடைய ஐகிளவுட் கணக்கில் இருந்து வெளியேறி, தொலைந்த கருவியைத் தேடும் ஃபைண்ட் மை வசதியை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் என்றைக்கோ ஒரு நாள் துடைத்துப் புதிதாகப் போடும்போது அவருடைய கடவுச்சொல் கேட்டு நிற்கும். கொழும்பில் ஒரு கடையில் மலிவாக வாங்கிய எம்1 ஒன்று இப்படிப் பூட்டு விழுந்து இன்றைக்கும் என் அலுமாரியில் கிடக்கிறது. விற்ற கடைக்காரருக்கு முதற் சொந்தக்காரர் யார் என்றே தெரியாதாம். மாமா உயிரோடு, அழைத்தால் பேசுகிற தூரத்தில் இருப்பது இந்த விசயத்தில் பெரிய சொத்து.

ஆர்ம் குரோம்புக் கிடைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. குரோம்ஓஎஸ்ஸுக்குள்ளேயே டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பெட்டி ஒன்றை ஒரு சொடுக்கில் திறக்கலாம், அவ்வளவோடு நிறுத்தினால் சுகம். கன மொடல்களில் நினைவகம் 4 ஜிபிதான், இரண்டு பிரவுசர் தத்தலோடு மூச்சு வாங்கும். பைன்புக் புரோ என்ற ஆர்ம் லப்டொப் 2019இல் 199 டொலருக்கு வந்தபோது எனக்கும் ஆசை இருந்தது. அதிலும் 4 ஜிபிதான், இன்றைக்கு உங்கள் படிப்புக்கு ஆகாது. 2012இல் வந்த சர்பேஸ் ஆர்டி யாராவது சும்மா தந்தாலும் வாங்காதீர்கள், 32 பிட், துவக்கும் பகுதியும் பூட்டப்பட்டது.

உங்கள் பாடத்துக்கு வேண்டிய மென்பொருட்கள் எப்படி என்று பார்ப்போம். டெபியன் 2015இல் வந்த எட்டாம் பதிப்பில் இருந்தே ஆர்ம்64ஐத் தாங்குகிறது. ஆகையால் மூலநிரல் திறந்த எதுவும் அநேகமாக இருக்கும்: லிப்ரேஒஃபிஸ், ஜிம்ப், கிகேட், ஃப்ரீகேட், ஒக்டேவ், பைதன், பிஎச்பி, மரியாடிபி. விஎஸ் கோடுக்கு 2020 முதலே ஆர்ம் பதிப்பு உண்டு. ஆர்டுயினோவுக்கு 1.8 வரிசை ஐடிஇ ஆர்ம்64இல் கிடைக்கும், கட்டளைவரிக் கருவியும் கிடைக்கும். உடையும் இடம், நிறுவனம் கட்டித் தருகிற பொட்டலங்களில். மட்லபுக்கு லினக்ஸ் ஆர்ம் பதிப்பு இல்லை. மேக்ஓஎஸ் பக்கம் உண்டு, அல்லது ஒக்டேவ். பக்கெட் ட்ரேசர் லினக்ஸில் எக்ஸ்86க்கு மட்டுமே, ஆய்வுகூடக் கணினியில் செய்யுங்கள். சூமுக்கு லினக்ஸ் ஆர்ம் செயலி இல்லை, பிரவுசரில் இணையலாம். எக்ஸ்86 செயலிகளை மொழிபெயர்த்து ஓட்ட பொக்ஸ்64, ஃபெக்ஸ் என்ற கருவிகள் இருக்கின்றன. அசாகியில் அவை ஒரு சின்ன மெய்நிகர் கணினிக்குள் ஓட வேண்டும், ஏனென்றால் ஆப்பிள் சிப்பில் லினக்ஸ் நினைவகத்தை 16 கேபி பக்கங்களாக வெட்டுகிறது, எக்ஸ்86 செயலிகளோ 4 கேபி பக்கம் எதிர்பார்க்கும். ஓடும், ஆனால் அதை நம்பி லப்டொப் வாங்காதீர்கள்.

உபுண்டு போடுபவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: ஆர்ம்64 பொதிகளை உபுண்டு நெடுங்காலமாக "போர்ட்ஸ்" என்ற தனிக் களஞ்சியத்தில் வைத்திருந்தது. பொதிகளின் நகலை வைத்திருக்கும் பக்கத்துக் கண்ணாடிச் சேவையகம் ஒன்றை எழுதிக் கொடுத்தால் "கிடைக்கவில்லை" என்று சிவப்பாக வரும். இணையம் பிழை இல்லை, அங்கே ஆர்ம் பொதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அச்சுக்கு வந்தால், எங்கள் பக்கத்தில் கொமினிகேசன் கடைக்குக் கடை இருக்கிற கனன் எல்பிபி 2900 பிரிண்டருக்கு நிறுவனம் தந்த லினக்ஸ் டிரைவர் எக்ஸ்86க்கு மட்டும்தான். பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் கொண்டு போய்க் கொடுப்பது எளிது. பாமினியில் அடித்த கோப்புகள் வந்தால் பயப்பட வேண்டாம், எழுத்துருவுக்குப் புரசஸர் எதுவென்றாலும் ஒன்றுதான். பாமினி எழுத்துருவைப் போட்டால் சரியாகத் தெரியும். தமிழ் தட்ட ஐபஸ்ஸோடு எம்17என் போடுங்கள். தமிழ்99 இருக்கிறது, எங்கள் நாட்டு ரங்கநாதன் விசைப்பலகையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இனி கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த நாட்களில்தான் எனக்கு ஆர்ம் மேல் உண்மையான மரியாதை வந்தது. பற்றறி தடை செய்யப்பட்ட காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. ஒரு வாட்டுக்கு இரண்டு வாட் செலவழிக்க எங்களுக்கு மனம் வராது.

கணக்கைப் பாருங்கள். வீட்டில் சோலருக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி ஈயப் பற்றறியில் 480 வாட்-மணி இருக்கிறது. பாதிக்கு மேல் இறக்கினால் பற்றறி கெடும், ஆக 240. எம்1 எயாரின் பற்றறி 49.9 வாட்-மணி, மாற்றத்தில் போகும் நட்டத்தோடு ஒரு முழுச் சார்ஜுக்கு 60 என்று வைத்தால் நான்கு முறை நிரப்பலாம். யூபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-மணிப் பற்றறி என்றால் ஒரு முழுச் சார்ஜும் வராது. இந்தக் கணக்கும் சரியாக வருவது ஒரு நிபந்தனையில்: இன்வெர்ட்டரைத் தொடாதீர்கள். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதைச் சார்ஜர் திரும்ப 20 வோல்ட்டாக இறக்க, இரண்டு முறை நட்டம். இன்வெர்ட்டர் சும்மா நின்றாலே கொஞ்சம் குடிக்கும். அதற்குப் பதிலாக காருக்கு விற்கும் யூஎஸ்பி-சி பிடி சார்ஜர் ஒன்றை, நடுவில் ஃபியூஸ் போட்டு, பற்றறியில் கொடுங்கள். வாங்கும்போது சார்ஜரின் பக்கத்தில் 20 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். 5 வோல்ட், 9 வோல்ட் மட்டும் போட்டதை விற்பவர் "எல்லாத்துக்கும் ஓடும்" என்பார், போனுக்கு ஓடும். எயாருக்கு 30 வாட் போதும், அதன் சொந்தச் சார்ஜரே அவ்வளவுதான். ஸ்னாப்டிராகன் லப்டொப்புகள் பலவற்றுக்கு 65 வாட் சார்ஜர். சோலர் பலகையை நேரே லப்டொப்பில் கொடுக்கிற வேலை வேண்டாம், நடுவில் பற்றறியும் சார்ஜ் கொன்ட்ரோலரும் இருக்க வேண்டும்.

மாமா எயாரைத் தர மாட்டார், கையில் காசுதான் தருவார் என்றால்? அப்போது ஆர்ம் தேட வேண்டாம். 2018இல் வந்த திங்க்பாட் டி480 மாதிரி ஒன்றைப் பழசாக எடுங்கள். இன்டெல்தான், புழுதி குடிக்கும் காற்றாடியும் இருக்கிறது. ஆனால் யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறும், பின்னால் இருக்கும் பற்றறியைக் கழற்றி இன்னொன்று போடலாம், நினைவகம் கூட்டலாம், உங்கள் பென்டிரைவும் அப்படியே ஏறும். எக்ஸ்13எஸ், டி14எஸ் பழசாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் பின்பக்க ஒட்டுத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டி14எஸ் ஆறாம் தலைமுறை என்ற ஒரே பெயரில் இன்டெல்லும் இருக்கிறது, ஏஎம்டியும் இருக்கிறது, ஸ்னாப்டிராகனும் இருக்கிறது. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஸ்னாப்டிராகனாக இருந்தால் விண்டோஸைத் துடைக்க முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்து, அந்த ஃபேர்ம்வேர் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். மாங்குளத்து மருமகனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் இருந்து வருகிற சார்ஜர் இங்கே எரியுமா என்று பிறகு கேட்பீர்கள், இப்போதே சொல்லி விடுகிறேன். சார்ஜரின் அடியில் சின்ன எழுத்தில் 100-240 வோல்ட் என்று இருந்தால் எங்கள் 230இல் தாராளமாக ஓடும். அங்கத்தைய பிளக் இரண்டு தட்டைக் கால், எங்கள் சுவருக்குப் பொருந்தாது. கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் எந்த எலெக்ட்ரிக் கடையிலும் அடப்டர் இருக்கும். ஆப்பிள் சார்ஜர் என்றால் அந்தக் கால் பகுதியை மட்டும் இழுத்துக் கழற்றி, மூன்று சதுரக் கால் உள்ள துண்டைப் போடலாம். மாமாவுக்கு இதையும் சொல்லி வையுங்கள், அங்கே அவருக்குத் தெரிந்த யாரிடமாவது இங்கிலாந்துத் துண்டு ஒன்று சும்மா கிடக்கும்.